அடித்தவனைத் தண்டிக்கலாம், வெறுத்தவனைத் தண்டிக்கலாமா?

ராகலைக் குளிர் எழுதியது:

இன வெறுப்பால் செய்யப்படும் குற்றங்களுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று நம் மலையகப் பக்கத்தில் பலர் பேசுகிறார்கள். மேடையில் கேட்டால் கைதட்டத் தோன்றும். உட்கார்ந்து யோசித்தால் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தை எழுதுகிறேன். திட்ட விரும்புகிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டவும்.

ஒருவன் என் மண்டையை உடைக்கிறான். காணித் தகராறில் உடைத்தாலும், வெறியில் உடைத்தாலும், நான் தமிழன் என்பதற்காக உடைத்தாலும் தையல் ஒன்றுதான். முதல் இரண்டுக்கும் ஒரு தண்டனை, மூன்றாவதுக்கு மட்டும் கூடுதல் என்றால் அந்தக் கூடுதல் எதற்காக? கை செய்ததற்கு ஏற்கெனவே தண்டனை கொடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது அவனுடைய எண்ணம். எண்ணத்துக்குச் சிறை என்றால் சிந்தனைச் சுதந்திரம் தருகிற இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை எதற்கு இருக்கிறது? பேச்சுச் சுதந்திரத்துக்கு 15ஆம் உறுப்புரையில் வேலி போட்டவர்கள்கூடச் சிந்தனைச் சுதந்திரத்துக்குப் போடவில்லை.

அடுத்தது, சட்டம் யார் கைக்குப் போகிறது என்பது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தைப் பாருங்கள். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் என்று நீளமான, அழகான பெயர். அதன் 3ஆம் பிரிவின்படி தேசிய, இன, மத வெறுப்பைத் தூண்டினால் பத்து ஆண்டு வரை கடூழியச் சிறை. நீதவானால் பிணை கொடுக்க முடியாது; மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். சிறுபான்மையினரைக் காக்கும் என்றார்கள். 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணை இதே சட்டத்தின் கீழ் பிடித்து அடைத்தார்கள். அவர் உடுத்தியிருந்த ஆடையில் கப்பல் சுக்கான் சக்கரத்தின் படம் அச்சிட்டிருந்தது. பொலிஸாரின் கண்ணுக்கு அது தர்மச் சக்கரமாகத் தெரிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக உள்ளே போனார். ஆகஸ்டில்தான் பிணை கிடைத்தது.

இன்னொரு சட்டம் கேட்கிறீர்கள். அது யார் வீட்டு வாசலுக்கு வரும் என்று நினைக்கிறீர்கள்?

பசறை மலைநாடன் எழுதியது:

அண்ணன், தையல் ஒன்றுதான். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக இருக்காது.

என் சித்தப்பா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். டவுனில் முச்சக்கர வண்டி நிறுத்துவதில் வாய்த்தகராறு. அதுவரை சாதாரண விஷயம். பிறகு நான்கைந்து பேர் கூடினார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு இங்கே என்ன வேலை, இந்தியாவுக்குப் போ என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள். அந்த நேரம் பேக்கரியிலிருந்து பாணும் பனிசும் வாங்கிக்கொண்டு வெளியே வந்த இரண்டு தமிழ்ப் பையன்களுக்கும் அடி. அவர்களிடம் வண்டியும் இல்லை, தகராறும் இல்லை. அவர்களை எதற்காக அடித்தார்கள் என்று நீங்கள் சொல்லுங்கள்.

பொலிஸில் எழுதப்பட்டது ‘கைகலப்பு, சாதாரண காயம்’. விஷயம் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் பேசி முடிக்கிற மத்தியஸ்த சபைக்குப் போனது. அங்கே இரண்டு தரப்பையும் உட்கார வைத்து, ஒரே ஊரில் இருக்கிறீர்கள், சமாதானமாகப் போங்கள் என்றார்கள். கைகொடுத்துவிட்டு வந்தான். அடித்தவர்கள் அதே ஸ்டாண்டில் நிற்கிறார்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பொம்பளைப் பிள்ளைகள் அதற்குப் பிறகு பல வாரங்கள் டவுன் டியூஷனுக்குப் போகவில்லை. அடிபட்டவர்கள் மூன்று பேர். பயந்தது மூன்று லயம். காணித் தகராறில் மண்டை உடைந்தால் பக்கத்து லயம் பயப்படுமா?

கம்பளைக் கடைக்காரன் எழுதியது:

காணித் தகராறு என்கிறீர்கள். நமக்கு ஏது காணி?

சட்டம் படிக்கும் பிள்ளை எழுதியது:

ராகலை ஐயா இரண்டு வேறு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். அவிழ்த்துப் பார்க்கலாம்.

ஒன்று, வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கும் சட்டம். இலங்கையில் இது வேண்டிய அளவுக்கு இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையில் மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய 291அ, 291ஆ பிரிவுகள். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இனங்களுக்கிடையே பகையை உண்டாக்கும் பேச்சு பற்றிய பிரிவு. நீங்கள் சொன்ன 2007ஆம் ஆண்டுச் சட்டம். 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம். போதாது என்று 2015இல் தண்டனைச் சட்டக்கோவைக்கு இன்னொரு பிரிவைக் கொண்டுவரப் பார்த்தார்கள். அதன் வாசகம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் வாசகத்தைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெற்றார்கள்.

மற்றது, ஏற்கெனவே குற்றமாக உள்ள ஒரு செயலை, அதாவது அடி, தீவைப்பு, கொலை ஆகியவற்றை, இனத்தையோ மதத்தையோ பார்த்துச் செய்தால் தண்டனையைக் கூட்டுவது. நம் தண்டனைச் சட்டக்கோவையில் இது இல்லை. மலைநாடன் அண்ணன் கேட்பது இதைத்தான். ஐயா எதிர்ப்பதற்குக் காட்டிய உதாரணங்கள் எல்லாம் முதல் வகை. ஹசலக்கப் பெண் யாரையும் அடிக்கவில்லை. சத்குமார யார் வீட்டையும் கொளுத்தவில்லை. செயலே இல்லாத இடத்தில் சட்டம் பாய்ந்ததுதான் அங்கே நடந்த அநியாயம்.

அமெரிக்காவில் இந்த இரண்டையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் பிரித்துக் காட்டினார்கள். 1992இல் சென். போல் நகரச் சட்டம் ஒன்று அவர்களுடைய உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கறுப்பினக் குடும்பம் ஒன்றின் வீட்டு வளவுக்குள் சிலுவையைக் கொளுத்திய வழக்கு. இனத்தையோ மதத்தையோ தொட்டு ஆத்திரமூட்டும் சின்னங்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தடுக்கிற சட்டம் செல்லாது என்றார்கள். கொளுத்தியதைத் தண்டிக்க வேறு வழக்கமான சட்டங்கள் இருக்கின்றன அல்லவா என்பதும் அவர்கள் சொன்னதில் அடங்கும். 1993இல் விஸ்கொன்சின் எதிர் மிச்செல் வழக்கில், இனம் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து அடித்தால் தண்டனையைக் கூட்டலாம் என்று ஒருமனதாகத் தீர்த்தார்கள். 2000இல் இன்னொரு வழக்கில், கூட்டுவதற்கு ஆதாரமான அந்த நோக்கத்தை நீதிபதி தானாக முடிவுசெய்ய முடியாது, ஜூரி முன் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

மனதுக்குள் சட்டம் நுழைவது புதிதும் இல்லை. ஒருவர் இறந்து கிடக்கிறார். திட்டமிட்டுக் கொன்றால் கொலை. கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலில் செய்தால் குற்றத்தின் பெயரே மாறுகிறது. சடலம் ஒன்றுதான், ஐயா.

ராகலைக் குளிர் எழுதியது:

மகள், நன்றாக வாதாடுகிறீர்கள். படித்து முடித்ததும் ஹட்டன் பக்கமே வாருங்கள். ஆனால் ஓர் இடத்தில் வழுக்கிவிட்டீர்கள். கொலையில் சட்டம் கேட்பது ‘கொல்ல நினைத்தானா’ என்பதை. ஏன் கொல்ல நினைத்தான் என்பது வேறு கேள்வி. காசுக்காகவா, காதலுக்காகவா, சாதிக்காகவா என்பதை வைத்துக் குற்றத்தின் பெயர் மாறுவதில்லை. நீங்கள் கேட்பது இரண்டாவது கதவையும் திறந்துவிடச் சொல்வது.

மிச்செல் வழக்கின் மற்றப் பாதியையும் சொல்லியிருக்கலாம். அதில் தண்டிக்கப்பட்டவர் கறுப்பின இளைஞர். அடிபட்டது ஒரு வெள்ளைச் சிறுவன். இரண்டு ஆண்டே அதிகபட்சமாக இருந்த குற்றத்தை ஏழு வரை நீட்டி, நான்கு ஆண்டு கொடுத்தார்கள். கறுப்பினத்தவரைக் காக்க வந்ததாக எல்லோரும் நினைத்த சட்டத்துக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் முத்திரை குத்தியது ஒரு கறுப்பினப் பையனின் முதுகில்.

மலைநாடன் தம்பி, உங்கள் தம்பிக்கு நடந்தது அநியாயம். அதை எந்த வார்த்தையாலும் குறைக்கவில்லை. ஆனால் அதே ஸ்டாண்டில் நாளைக்கு நம் பையன்கள் ஆத்திரத்தில் ஒரு சிங்களப் பையனை அடித்து, வாயிலும் ஏதாவது விட்டுவிட்டால், கூடுதல் தண்டனைப் பிரிவு எவ்வளவு சுறுசுறுப்பாக எழுதப்படும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பசறை மலைநாடன் எழுதியது:

போடட்டும், அண்ணன். நம் பையன் இனம் பார்த்து அப்பாவி ஒருவனை அடித்தால் அவனுக்கும் கூடுதலாகக் கிடைக்கட்டும். நான் கேட்பது நமக்கு மட்டும் ஒரு குடை அல்ல.

மட்டுறுத்துநர்:

இந்த இடத்தில் இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டுள்ளது. முஸ்லிம்களைப் பற்றி அதில் இருந்த சொற்களைத் திரும்ப எழுத வேண்டிய அவசியமில்லை.

கம்பளைக் கடைக்காரன் எழுதியது:

தனிமனித சுதந்திரத்தைப் பற்றிய விவாதத்தில் ஒருவருடைய சுதந்திரம் பறிபோய்விட்டதே! ராகலை அண்ணன் வழக்குப் போட மாட்டாரா?

ராகலைக் குளிர் எழுதியது:

மாட்டேன். என் வீட்டுத் திண்ணையில் காறித் துப்பினால் எழுப்பி அனுப்பிவிடுவேன். பொலிஸைக் கூப்பிட்டுப் பத்து ஆண்டு உள்ளே போடச் சொல்ல மாட்டேன். மட்டுறுத்துநர் செய்தது முதலாவது.

திகன வாசகன் எழுதியது:

நீக்கப்பட்ட பதிவை நீக்குவதற்கு முன்பே வாசித்துவிட்டேன். பழக்கமான மொழிதான். 2018இல் எங்கள் தொலைபேசிகளில் ஓடிக்கொண்டிருந்ததும் அதுதான்.

தெரியாதவர்களுக்காக: தெல்தெனியாவில் வீதித் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர், மார்ச் மாதத் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார். தாக்கியவர்கள் ஏற்கெனவே கைது செய்யப்பட்டிருந்தார்கள். சட்டம் அந்த வழக்கில் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் கூட்டம் திரட்டினார்கள். வெளியூர்களிலிருந்து வாகனங்களில் வந்தார்கள். திகன டவுனில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் எரிந்தன. எரிந்த வீடொன்றுக்குள் சிக்கி ஓர் இளைஞர் இறந்தார். 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. சமூக ஊடகங்களை முடக்கினார்கள். கூட்டம் திரட்டியதாகச் சொல்லப்பட்ட மஹாசோன் பலகாய என்ற சிங்களத் தீவிரவாத அமைப்பின் தலைவர் 8ஆம் திகதி கைதானார். அவர் மீது பாய்ந்ததும் இதே 2007ஆம் ஆண்டுச் சட்டம். ஒக்டோபரில் பிணையில் வந்தார். பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கேட்டது.

ஆகவே சட்டம் பதினொரு வருடமாக அலுமாரிக்குள் இருந்தது. எரிவதற்கு முன்பு யாரும் அதை வெளியே எடுக்கவில்லை. அதற்கு இரண்டு வருடம் கழித்து, எங்கள் கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைப் பேனாவாலும் கீபோர்ட்டாலும் எதிர்கொள்ள வேண்டும் என்று முகநூலில் எழுதினார். அப்போது உடனே எடுத்தார்கள். 2020 ஏப்ரலில் கைது, செப்டெம்பரில் பிணை. அவருடைய உரிமை மீறப்பட்டது என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்து நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த ஐந்து மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

இதனால் நான் ராகலை அண்ணனின் பக்கம் என்று நினைக்க வேண்டாம். கடைக்குத் தீ வைத்தவனை ‘சொத்துக்குச் சேதம்’ என்று ஒரு காகிதத்தில் எழுதினால், அந்த வீதியில் இரு பக்கமும் கடைகள் இருக்க முஸ்லிம் கடைகளை மட்டும் பார்த்துப் பார்த்து வைத்தானே, அது எந்தக் காகிதத்தில் வரும்? என் மாமாவின் கடைக்கு இரண்டு பக்கத்திலும் இருந்த கடைகளில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

ஓய்வுபெற்ற டீச்சர் எழுதியது:

பிள்ளைகளே, சட்டம் வரும், வராது என்று பேசுகிறீர்கள். தமிழருக்கு எதிரான 1977 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது, தெரியுமா? 1982ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். இழப்பெதிர்காப்புச் சட்டம் என்று பெயர். யாருடைய இழப்புக்கு எதிரான காப்பு? வீடு எரிந்தவர்களுக்கு என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். அந்த ஆகஸ்ட் மாதத்தில் சட்டம் ஒழுங்கை நிலைநாட்டுவதற்காக நல்லெண்ணத்தோடு செய்தவற்றுக்காக அமைச்சர்கள் மீதும் அதிகாரிகள் மீதும் வழக்குப் போட முடியாது என்று சொன்ன சட்டம் அது. பிறகு 1988இல் அந்தக் காலத்தை இன்னும் நீட்டினார்கள். இடையில் 1981 கலவரம் வந்தது, 1983 கலவரம் வந்தது. 77இலும் 81இலும் தோட்டங்களில் அடிபட்ட சனம் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறியது. அங்கே அவர்களுக்கு நடந்தது இன்னொரு கதை.

ராகலைத் தம்பி சொல்கிற சுதந்திரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதில் எப்போதும் அடிக்கிறவனுடைய மனதைப் பற்றியே கவலை. 48இல் தோட்டத் தமிழர்களின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள், 49இல் இன்னொரு சட்டத்தால் அந்தச் சமூகத்தின் வாக்கும் போனது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஊர் இது. இங்கே ஒரு பையனை ‘இந்தியாவுக்குப் போ’ என்று சொல்லி அடித்தால், சொல்லுக்குப் பின்னால் ஒரு வர்த்தமானியே நிற்கிறது.

கொழும்பு போன கொழுந்து எழுதியது:

டீச்சர் சொன்னதோடு எனக்கும் ஒரு விஷயம் இருக்கிறது, சிலருக்குப் பிடிக்காது. கொழும்பில் வேலைக்கு வந்த புதிதில் அறை தேடினேன். முகவரியில் எஸ்டேட் பெயரைப் பார்த்துவிட்டு அறை இல்லை என்ற வீட்டுக்காரர் தமிழர். தோட்டத்து மக்களை இழிவாகச் சொல்லும் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லைக் காதுபட முதல் முதல் சொன்னவரும் தமிழர். இதற்கெல்லாம் சிறை கேட்க மாட்டேன். ஆனால் மேடையில் வெறுப்பைப் பற்றி முழங்குகிறவர்கள் அந்தச் சொல்லைத் தங்கள் வீட்டுக்குள் பயன்படுத்துவதில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. பாகுபாட்டைத் தடுக்கும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை கடைக்கும் ஹோட்டலுக்கும் கோயிலுக்கும் வருகிறது. வாடகை அறைக்கு வருமா, தங்கச்சி?

சட்டம் படிக்கும் பிள்ளை எழுதியது:

வராது, அண்ணன். அந்த உறுப்புரை கடை, ஹோட்டல், பொது உணவகம், பொதுப் பொழுதுபோக்கு இடம், தமது சொந்த மதத்தின் வழிபாட்டிடம் என்று எண்ணிச் சொல்கிறது. தனியார் வீட்டு அறையைச் சொல்லவில்லை. அடிப்படை உரிமை வழக்கும் அரச நிர்வாகத்துக்கு எதிராகத்தான் போட முடியும்.

பண்டாரவளைப் பனி எழுதியது:

இவ்வளவு நேரம் பேசியும் பிந்துனுவெவவை ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் டவுனிலிருந்து கொஞ்ச தூரம்தான்.

2000 ஒக்டோபர் 25. புனர்வாழ்வு முகாமுக்குள் கூட்டம் புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. பொலிஸார் அங்கேயே இருந்தார்கள். அது வெறுப்பால் நடந்ததா என்று நிரூபிக்க ஒரு சட்டமும் தேவையில்லை, கண்ணிருந்தால் போதும். வழக்கு நடந்தது. 2003இல் பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐந்து பேருக்கு மரண தண்டனை. 2005 மே மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் எல்லாரும் விடுதலை. இன்று அந்தப் படுகொலைக்குத் தண்டனை அனுபவித்தவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது.

கொலைக்கு மரண தண்டனையே இருந்த இடத்தில் இப்படி. அதற்கு மேல் எதைக் கூட்டப் போகிறீர்கள்? ராகலை அண்ணன் சுதந்திரத்துக்காக எதிர்க்கிறார். நான் எதிர்ப்பது வேறு காரணத்துக்காக. தண்டனை போதாமல் நமக்கு நீதி கிடைக்காமல் போகவில்லை. விசாரணையும் சாட்சியும் கூண்டுக்கு வந்து நிற்காமல் போயின. புதுச் சட்டம் என்று ஒரு காகிதத்தைக் கொடுத்தால் அரசியல்வாதிக்கு வசதி. செய்துவிட்டோம் என்பார்.

திகன வாசகன் எழுதியது:

பனி அண்ணன் சொல்வது வலிக்கிறது, உண்மையும் இருக்கிறது. இருந்தாலும் ஒன்று. பொதுபல சேனா அமைப்பின் பௌத்த பிக்கு ஞானசார தேரர் 2016இல் கூரகலவில் இஸ்லாத்தை இழிவுபடுத்திப் பேசியதற்கு 2024 மார்ச்சில் நான்கு ஆண்டு கடூழியச் சிறை விதித்தார்கள். எட்டு வருடம் எடுத்தது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று எங்கள் வீட்டில் பட்டாசு கொளுத்தவில்லை, ஆனால் என் உம்மா செய்தியை இரண்டு தடவை கேட்டார். எந்தச் சட்டமும் ஒன்றும் செய்யாது என்று முழுதாகச் சொல்லிவிட என்னால் முடியவில்லை.

ராகலைக் குளிர் எழுதியது:

நானா, உங்கள் உம்மாவின் மனம் புரிகிறது. அதோடு இதையும் வைத்துப் பாருங்கள். அந்தத் தேரரைச் சொல்லுக்காகத் தண்டிக்க முடிந்த அதே வாசலால்தான் 2023இல் நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரியவும் உள்ளே போனார். மேடையில் புத்தரைத் தொட்டுச் சொன்ன பகிடிக்காக ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியல். ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது. வாசலைத் திறந்து வைத்தால் யார் நுழைவார்கள் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. சட்டமா அதிபரும் பொலிஸ் பொறுப்பதிகாரியும் தீர்மானிக்கிறார்கள்.

சட்டம் படிக்கும் பிள்ளை எழுதியது:

அந்த வாசலை மூடச் சொல்லித்தான் நானும் கேட்கிறேன், ஐயா. சொல்லுக்கு மட்டும் பத்து ஆண்டு என்பதையும் பிணை மறுப்பையும் எடுத்துவிட வேண்டும். நேரடியாக வன்முறைக்குத் தூண்டுவது மட்டும் குற்றமாக இருக்கட்டும். உடம்பின் மீதோ சொத்தின் மீதோ கைவைத்த வழக்குகளில் மட்டும், ஆளைத் தேர்ந்தெடுத்தது இனத்தாலோ மதத்தாலோ என்பதைக் குற்றப்பத்திரத்திலேயே எழுதி, மற்றக் கூறுகளைப் போலவே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்லலாம். ஒருவர் பத்து வருடத்துக்கு முன்பு முகநூலில் என்ன எழுதினார், எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போனார் என்று தோண்டக் கூடாது. அடிக்கும்போது என்ன சொன்னார், யாரை விட்டுவிட்டு யாரை அடித்தார் என்பது போதும். நோக்கம் பொருத்தமான சாட்சி என்பதைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத ஓர் இடம் இருக்கிறது. மலைநாடன் அண்ணன், உங்கள் சித்தப்பா மகனின் முறைப்பாடு எந்த மொழியில் எழுதப்பட்டது?

பசறை மலைநாடன் எழுதியது:

சிங்களத்தில். அவன் தமிழில் சொன்னான், இடையில் ஒருவர் மொழிபெயர்த்தார், அவர்கள் எழுதினார்கள். வாசித்துக் காட்டவில்லை. கையெழுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தான். ‘இந்தியாவுக்குப் போ’ என்று சொன்னது அதில் இல்லை என்பது மத்தியஸ்த சபையில்தான் தெரிய வந்தது. பேக்கரிப் பையன்கள் இரண்டு பேரின் பெயரும் இல்லை. அவர்கள் பொலிஸுக்கே போகவில்லை. அப்பா அம்மா விடவில்லை.

சட்டம் படிக்கும் பிள்ளை எழுதியது:

அதைத்தான் கேட்டேன். தான் பேசும் மொழியில் வாக்குமூலம் கொடுக்கவும் அதை அந்த மொழியிலேயே எழுதச் சொல்லவும் தமிழும் ஆட்சிமொழியாக உள்ள நாட்டில் நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. நடைமுறையில் தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை என்பார்கள். அப்படிச் சொன்னதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடித்தவன் சொன்ன வார்த்தை முதல் முறைப்பாட்டில் இல்லாவிட்டால், பிறகு நீதிமன்றத்தில் அதைச் சொல்லும்போது எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்கிற முதல் கேள்வி ‘அன்றைக்கு ஏன் சொல்லவில்லை’ என்பதுதான். உலகத்தில் எந்த வெறுப்புக் குற்றச் சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அது சாதாரண காயம்தான். சாதாரண காயம் என்றால் 1988ஆம் ஆண்டின் மத்தியஸ்த சபைச் சட்டப்படி நேரே மத்தியஸ்த சபை.

ராகலைக் குளிர் எழுதியது:

இப்போது பேசுவது வேறு தளம். தண்டனையைக் கூட்டுவதை நான் இன்னும் ஏற்கவில்லை, ஏற்கவும் மாட்டேன். ஆனால் இனம் பார்த்து அடித்தான் என்று முறைப்பாட்டில் இருந்தால் அந்த வழக்கை மத்தியஸ்த சபைக்கு அனுப்பக் கூடாது, நீதவான் முன் பகிரங்கமாக விசாரிக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தால் அதை எதிர்க்க எனக்குக் காரணமில்லை. அதில் ஒருவனுடைய சுதந்திரமும் குறையவில்லை. தண்டனை அதேதான், மூடிய அறையில் கைகொடுத்து முடிக்கிற வசதி மட்டும் போகிறது.

பசறை மலைநாடன் எழுதியது:

பாதி வழி வந்துவிட்டீர்கள், அண்ணன்.

ராகலைக் குளிர் எழுதியது:

பாதி வழியில் வீடு கட்டிக் குடியிருப்பவன் நான்.

ஓய்வுபெற்ற டீச்சர் எழுதியது:

எனக்கு ஒரு கேள்வி. அந்தப் பிள்ளை சொன்ன பிரிவில் இனமும் மதமும் இருக்கின்றன. சாதி எங்கே? தோட்டத்துத் திருவிழாவில் யார் தேரைத் தொடலாம், யார் பறை அடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டும் என்று நடந்த அடிதடிகள் எனக்கு ஒன்றிரண்டல்ல, நிறையத் தெரியும். 1957இலேயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, சாதியைக் காட்டிக் கோயிலுக்குள்ளும் கடைக்குள்ளும் விடாமல் தடுப்பதைக் குற்றமாக்கினார்கள். 1971இல் தண்டனையையும் கூட்டினார்கள். எங்கள் பக்கத்தில் அதன் கீழ் யாரும் முறைப்பாடு செய்து நான் பார்த்ததில்லை. முறைப்பாடு செய்ய வேண்டியவர்கள் செய்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பசறை மலைநாடன் எழுதியது:

டீச்சர், அது நமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். இப்போது அதையும் இழுத்தால் சமூகம் பிளவுபட்டுவிடும். முதலில் வெளியிலிருந்து வரும் அடியைப் பார்ப்போம்.

ஓய்வுபெற்ற டீச்சர் எழுதியது:

தம்பி, மத்தியஸ்த சபையில் உங்கள் தம்பிக்குச் சொன்னதும் இதுதானே? ஒரே ஊர், சமாதானமாகப் போங்கள் என்று.

கொழும்பு போன கொழுந்து எழுதியது:

டீச்சருக்கு என் வணக்கம்.

சட்டம் படிக்கும் பிள்ளை எழுதியது:

சாதி கட்டாயம் வர வேண்டும். 12ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தியில் இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் எல்லாம் இருக்கின்றன. இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டதற்கு நான் காரணம் சொல்ல முடியாது.

ராகலைக் குளிர் எழுதியது:

அரசியல் கருத்தையும் சேர்த்தா, மகள்? அப்படியானால் தேர்தல் காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு சங்கத்துக்காரன் மற்றச் சங்கத்துக்காரனின் கொடியைப் பிடுங்கி அந்தக் கம்பாலேயே அடிப்பதும் வெறுப்புக் குற்றம். தலைவர்மார் எல்லாரும் கூடுதல் தண்டனைக்கு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

கம்பளைக் கடைக்காரன் எழுதியது:

இந்தச் சட்டத்தை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

சட்டம் படிக்கும் பிள்ளை எழுதியது:

சிரிக்க வேண்டாம், அது கடினமான கேள்விதான். அரசியல் கருத்தை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அது மாற்றிக்கொள்ளக் கூடியது, பிறப்போடு வருவதல்ல.

ராகலைக் குளிர் எழுதியது:

மதமும் மாற்றிக்கொள்ளக் கூடியதுதானே? எது உள்ளே, எது வெளியே என்று பட்டியல் போடுகிற பேனா யார் கையில் இருக்கும்? முதல் பதிவில் கேட்டதற்கு இன்னும் எனக்குப் பதில் வரவில்லை.

சட்டம் படிக்கும் பிள்ளை எழுதியது:

பாராளுமன்றத்தின் கையில். நாளை மறுநாள் பரீட்சை இருக்கிறது, ஐயா. முடித்துவிட்டு வந்து மிச்சத்துக்குப் பதில் எழுதுகிறேன். இழையைப் பூட்ட வேண்டாம் என்று மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.